கோமதியின் எட்டு நாள் வாரம்

பூச்சோங்கிலிருந்து நிஷா குரல்செய்தி அனுப்பியிருந்தாள். அங்கே கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய ஜிம் ஒன்றில் அவள் பவர்லிஃப்டிங் பயிற்சியாளர்.

"அக்கா, இப்பல்லாம் ஆப்ல தட்டுனா பெஞ்ச் பிரஸ் ப்ரோகிராம் கொட்டுது. கலர் கலரா, மாசக்கணக்குக்கு வருது. ஆனா என் ஆளுங்க பாதிப் பேருக்கு வெயிட் ஏறவே மாட்டேங்குது லா. நீங்க கிள்ளான்ல வச்சிருந்தீங்களே ஒரு வார அட்டவணை, அத அனுப்புங்களேன். ப்ளீஸ்க்கா."

அனுப்பலாம். நாலு வரிதான். ஆனால் அந்த நாலு வரியை எழுதக் கையெடுக்கும்போதெல்லாம் அதன் மேல் கோமதி வந்து படுத்துக்கொள்கிறாள். பெஞ்சில் படுப்பது போலவே, கண்ணை நேரே கம்பிக்குக் கீழே வைத்து, காலை ஊன்றி. அவளை எழுப்பிவிட்டு அட்டவணையை மட்டும் அனுப்ப என்னால் முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. போன வருடம் ஓய்வு பெற்றேன். மணிக்கட்டு முதலில் ஓய்வு பெற்றது. நான் அதன் பின்னால் போனேன். அதற்கு முன் என் வாழ்க்கை இரும்பு. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தொடங்கியது. ரயில் கடக்கும்போது தட்டுகள் தங்களுக்குள் முணுமுணுக்கும். பெண்களுக்கென்று அங்கே தனி நேரம் கிடையாது, ஏனென்றால் பெண்களே கிடையாது. பகலில் அலுவலக வேலை, மாலையில் கம்பி, மழை, வேர்வை, மல்லிகைக் கடைகளைத் தாண்டி வீட்டுக்கு நடை. சில பதக்கங்கள். தோள் ஒருமுறை கழன்றது. பிறகு ஒருநாள், தூக்குவதை விடத் தூக்குகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தது. அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

மீதி எல்லாம் கிள்ளான்.

கிள்ளானில் எங்கள் ஜிம் ஒரு டயர் கடையின் மேல்மாடி. கீழே ரப்பர், மேலே இரும்பு, நடுவில் ஒரு மெல்லிய தளம். யாராவது கம்பியைத் தடாலென்று போட்டால் கீழே கடை முதலாளி ஆ செங் தவுக்கே நிறுத்தி வைத்திருக்கும் கார்கள் மேல் சுண்ணாம்பு உதிரும். அவர் படியேறி வந்து, பாதிப் படியிலேயே நின்று, மலாய், ஹொக்கியன், தமிழ் மூன்றிலும் எங்களைத் திட்டிவிட்டு இறங்குவார். தமிழில் அவருக்குத் தெரிந்தவை எல்லாம் திட்டுகள்தாம். உச்சரிப்பு சுத்தமாக இருக்கும்.

தலைமைப் பயிற்சியாளர் பரமசிவம் சார். போம்பாவில் தீ அணைத்து ஓய்வு பெற்றவர். நான் அவருக்குத் துணைப் பயிற்சியாளர். ஒரு மனிதர் எரிகிற வீடுகளுக்குள் பல வருடம் போய்வந்தால் என்ன ஆவார்? குரலை உயர்த்த மாட்டார். சாரின் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பெஞ்சின் தலைமாட்டில் நிற்பார். கைகள் இரண்டும் கம்பிக்குக் கீழே, ஒரு சாண் தள்ளி, தொடாமல். கம்பியைத் தாங்கியிலிருந்து எடுத்துத் தூக்குபவரின் கையில் நிலைக்கும் வரை பிடித்திருந்து, விடும்போது ஒரே சொல் சொல்வார்: "உன்னுது."

அதோடு அவர் கை விலகும். அதற்குப் பிறகு உலகத்தில் நீயும் அந்தக் கம்பியும்தான்.

தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்து இறுக்கச் சொல்வதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. "ரெண்டு பட்டைக்கும் நடுவுல என் வீட்டுச் சாவி இருக்கு. அது விழுந்துச்சுன்னா இன்னிக்கு நான் வெளியில படுக்கணும். பிடி." எவ்வளவு பெரிய லோரி டிரைவரும் பயந்துபோய்ச் சாவியைப் பிடிப்பார்.

சுவரில் கறுப்புப் பலகை. அதில் வெள்ளை பெயிண்டால் ஏழு கட்டம். திங்கள் கனம்: குறைந்த முறை, பெரிய எடை, ஒவ்வொரு முறையும் கம்பியை நெஞ்சில் வைத்து அசையாமல் நிறுத்தி, பிறகு தள்ளு. புதன் இலேசு: எடை பாதிக்குச் சற்று மேல், ஆனால் கம்பி அம்பு மாதிரி போக வேண்டும். வெள்ளி எண்ணிக்கை: நடுத்தர எடை, ஐந்தைந்து முறையாக, பல சுற்று, சதை வளர்வது இந்த நாளில்தான். சனி இழுப்பு: தள்ளியதற்குச் சமமாக முதுகால் இழு, கையின் பின்பக்கத்துக்கு வேலை கொடு, தோளைச் சரிபார். மூன்று வாரம் எடை ஏறும், நாலாவது வாரம் இறங்கும். ஏனென்றால் நெஞ்சு சீக்கிரம் ஆறும், தோள் மூட்டு மெதுவாக ஆறும், நரம்பு எல்லாவற்றிலும் கடைசியாக ஆறும். இரண்டு கனமான நாள்களுக்கு நடுவே மனிதனுக்கு என்ன நடக்கிறதோ அதுதான் பயிற்சி. பெஞ்சில் நடப்பது வெறும் பரீட்சை.

நிஷா கேட்ட நாலு வரி இதுதான். இதை வைத்து நாங்கள் கிள்ளானிலிருந்து நிறையப் பேரை மேடையேற்றினோம். தப்பான அட்டவணை இல்லை. இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன். ஆனால் கோமதி.

கோமதி மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் லைன் லீடர். நாற்பதைத் தொட்டவள். பள்ளிக்கூட விளையாட்டில் குண்டு எறிந்தவள். மாநில அணிக்குப் பெயர் வந்தபோது அப்பா அனுப்பவில்லை. அடுத்த வருடம் தொழிற்சாலைக்கு அனுப்பினார். பல வருடம் கழித்துத் தங்கையின் கல்யாணச் சேலைக்குக் கை தடிமனாக இருக்கிறது என்று யாரோ சொல்ல, குறைக்க வந்தவள் எங்கள் படியேறினாள். குறைக்கவில்லை. கம்பியைப் பார்த்தாள், அப்படியே இருந்துவிட்டாள்.

நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில், அவளுடைய எடை வகுப்பில், பெஞ்ச் பிரஸுக்கு மாநில அணியில் ஒரே ஓர் இடம், அதற்கு ஒரு தேர்வுப் போட்டி. அந்தச் சட்டை அவளுக்கு வேண்டும். முதுகில் மாநிலத்தின் பெயர் போட்ட சட்டை. அவள் வேறு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எழுபது கிலோவில் நின்றுபோனாள்.

நின்றாள் என்றால் சுவரில் முட்டிய மாதிரி. ஒரு திங்கட்கிழமை எழுபது சிரித்துக்கொண்டே மேலே போகும். அடுத்த திங்கட்கிழமை அறுபதே நெஞ்சில் படுத்துத் தூங்கும். இடது தோளில் ஒரு முனகல் வேறு. எடையைக் குறைத்தோம், கூட்டினோம், பிடியை அகட்டினோம், சாப்பாட்டை மாற்றினோம். ஜிம்மில் இருந்தவர்கள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். கருவாட்டுக் கடை சண்முகம் அண்ணன், "நாப்பது வந்துட்டா அப்படித்தான் தங்கச்சி, இனி மெயின்டனன்ஸ்தான்" என்றார். அவள் அதற்கும் சிரித்தாள். பெஞ்சைத் துடைத்துவிட்டுப் போனாள்.

ஒரு மாலை சார் என்னைக் கூப்பிட்டார். "அவகிட்ட நீ பேசு. இந்தத் தேர்வு வேணாம். தோள் போயிடும்."

பேசத்தான் போனேன். அவளே தீபாவளி ஓபன் ஹவுஸுக்கு, தெரிந்தவர்களுக்கெல்லாம் வீட்டில் வைக்கும் விருந்துக்கு, அழைத்திருந்தாள். புதன்கிழமை மதியம். புதன்கிழமை மதியம் யார் ஓபன் ஹவுஸ் வைப்பார்கள்? ஆனாலும் வீடு நிறைந்திருந்தது. அவள் கணவர் ரவி லோரி ஓட்டுபவர். வாசலிலேயே சட்டியில் கோழி வறுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா, வாங்க. எங்க கோச்சு வந்துட்டாங்க. கோமு, ரெண்டு தட்டு கூடப் போடு, சாப்பாட்டுத் தட்டு லா, இரும்புத் தட்டு இல்ல!"

"ஏன் ரவி புதன்கிழமை வச்சிருக்கீங்க? எல்லாரும் சனி ஞாயிறுதானே வைப்பாங்க?"

"சனி ஞாயிறா? என் பொண்டாட்டிக்கு அது ரெண்டும் எங்க இருக்கு?" கரண்டியை உயர்த்தினார். "அவ பெக்டரி வாரம் எட்டு நாளுக்கா. ரெண்டு நாள் காலை ஷிப்ட், ரெண்டு நாள் சாயந்தரம், ரெண்டு நாள் நைட், ரெண்டு நாள் ஓப், வேலையே இல்ல. இன்னிக்கு ரெண்டாவது ஓப். இதான் அவ ஞாயித்துக்கிழமை. அடுத்த ஞாயித்துக்கிழமை வியாழக்கிழமை வரும். நாங்கள்லாம் பழகிட்டோம், நீங்க முறுக்கு எடுங்க."

நான் முறுக்கு எடுக்கவில்லை. கையில் எடுத்தேனோ என்னவோ, கடிக்கவில்லை.

அவள் ஷிப்டில் வேலை செய்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும். யார்தான் இந்தப் பக்கம் ஷிப்டில் வேலை செய்வதில்லை? ஆனால் அவள் ஒரு நாள்கூடப் பயிற்சிக்கு வராமல் இருந்ததில்லை. திங்கள் என்றால் திங்கள்; சாயந்தர ஷிப்ட் என்றால் ஜிம் திறக்கும் மதியத்திலேயே வந்துவிடுவாள். பலகை சொன்னது, அவள் வந்தாள். அடுப்படியில் போய்ப் பிடித்தேன்.

"கோமதி, போன திங்கட்கிழமை எந்த ஷிப்ட்?"

"நைட் முடிச்சுட்டு வந்தேன்கா."

"தூங்கினியா?"

"மதியம் கொஞ்சம். சின்னவனுக்கு டியூசன் இருந்துச்சு."

"அதுக்கு முந்தின திங்கள்?"

யோசித்தாள். "ஓப். அன்னிக்குத்தான் எழுபது போச்சே!"

"ஏம்மா இத எங்ககிட்ட சொல்லல?"

அவள் நிஜமாகவே திகைத்தாள். "என்னத்தக்கா சொல்றது? போர்டுல திங்கள்னு போட்டிருக்கு. தூக்கம் வரலன்னு சொன்னா சாக்குச் சொல்ற மாதிரி இருக்காதா? பெக்டரியில அப்படிச் சொல்றவங்கள எனக்கே புடிக்காது."

இதோ, எங்கள் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு. ரப்பர் தோட்டத்தில் மணியடித்தால் வேலைக்கு வந்து நின்ற தாத்தாக்களின் பேத்திகள் நாங்கள். பலகையில் ஒரு நாள் எழுதியிருந்தால் உடம்பைக் கொண்டுபோய் அந்த நாளில் நிறுத்திவிடுவோம். உடம்பு அங்கே வந்து சேர்ந்ததா என்று கேட்க மாட்டோம்.

வீட்டுக்குப் போகாமல் ஜிம்முக்குப் போனேன். பலகையின் ஏழு கட்டமும் என்னைப் பார்த்தன. எட்டாவதுக்கு இடமில்லை. அதனால் பலகையின் விளிம்பைத் தாண்டி, வெறும் சுவரில், சாக்பீஸால் இன்னொரு கட்டம் போட்டேன். திங்கள் செவ்வாய் எல்லாவற்றுக்கும் கீழே கோமதியின் நாள்களை எழுதினேன். இரண்டாவது ஓய்வு நாள், அதாவது அவளுடைய எட்டாம் நாள், கனம். முதல்நாள் இரவு ஒழுங்காக உறங்கிவிட்டு வருவாள். காலை ஷிப்டின் இரண்டாம் நாள், வேலை முடித்துவந்து, இலேசு. சாயங்கால ஷிப்டின் இரண்டாம் நாள், வேலைக்குப் போகும் முன், எண்ணிக்கை. மறுநாள், இரவு ஷிப்ட் தொடங்குவதற்கு முன் பகலில், இழுப்பு. அதன் பிறகு ஒன்றும் கிடையாது: இரண்டு இரவும் அவளைத் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட வேண்டும், முதல் ஓய்வு நாளைத் தூக்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். அதே நாலு வரி. அதே வரிசை. நடுவில் மூச்சு விட ஒரு நாள் கூடுதல்.

சார் வந்தார். பலகையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"சுவத்துல எழுதாத."

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். முடிந்ததும் சொன்னார்: "வாரம்னா ஏழு நாள். ஒருத்திக்காக மாத்துனா, நாளைக்கு மழை பெஞ்சா ஒருத்தன் வேற நாள் கேப்பான், மாமியாருக்குச் சளி புடிச்சா இன்னொருத்தன் கேப்பான். அப்பறம் இது ஜிம்மு இல்ல, காப்பிக் கடை."

"சார், அவ கேக்கல. நான் கேக்கறேன்."

"சரி, தேர்வு காலையில பத்து மணிக்கு. கனமான நாளையும் காலையிலதான் பழகணும். காலையில ஜிம் மூடியிருக்கு. எல்லாரும் வேலையில. தலைமாட்டுல ரெண்டு பேர் இல்லாம நெஞ்சுக்கு மேல பெரிய வெயிட் போட நான் விடமாட்டேன். ஆள் எங்க?"

அதில் தப்புச் சொல்ல முடியாது. தனியாகப் பெஞ்சில் படுத்து, கம்பி கழுத்தில் இறங்கி, கத்தக்கூட முடியாமல் கிடந்த ஒருவனை அவர் போம்பா நாள்களில் தூக்கியிருக்கிறார். அதை அவர் ஒரே ஒருமுறைதான் சொன்னார். நாங்கள் ஒருவரும் மறக்கவில்லை.

"ஆள் நான் பாத்துக்கறேன் சார்."

போகும்போது அவர் சுவரை அழிக்கவில்லை.

முதல் எட்டாம் நாள் வியாழக்கிழமை வந்தது. காலை பத்து மணி. கோமதி, நான், காலி ஜிம். நான் தலைமாட்டில் நிற்கலாம். பக்கத்தில் நிற்க இன்னொருவர் வேண்டும். படியிறங்கிப் போய் ஆ செங் தவுக்கேயைக் கேட்டேன். நாளெல்லாம் லோரி டயர் உருட்டுபவர். கை ஒவ்வொன்றும் என் தொடை.

"நீங்க மேல தூக்கிக் கீழ போடுவீங்க, என் தலையில மண்ணு. இப்ப நானே வந்து தூக்கணுமா?" என்று மலாயில் கேட்டார்.

"நீங்க பக்கத்துல நின்னா நாங்க கீழ போட மாட்டோம் தவுக்கே."

அந்தத் தர்க்கம் அவருக்குப் பிடித்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கோமதி படுத்தாள். அறுபது போனது. அறுபத்தைந்து போனது. எழுபதை நெஞ்சில் இறக்கி நிறுத்தினாள், அசையவில்லை, நான் மனதுக்குள் எண்ணினேன், தள்ளினாள். கம்பி தயங்க வேண்டிய இடத்தில் தயங்கவில்லை. ஆ செங், "வாஹ், அக்கா பவர் லா!" என்று கத்திய கத்தலில் கீழே அவர் கடைப் பையன்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

அடுத்த சுற்றில் அது வெள்ளிக்கிழமை. படியில் காலடி கேட்டது. தவுக்கே என்று திரும்பினேன். சார். கையில் பசியாற வாங்கிய பொட்டலம், ரொட்டி சானாய் வாசனை. பொட்டலத்தை வைத்தார், கை கழுவினார், என்னை ஒரு பார்வையில் ஒதுக்கிவிட்டுத் தலைமாட்டில் வந்து நின்றார்.

"சாவி எங்க?"

"இருக்கு சார்," என்றாள் கோமதி, தோள்பட்டைகளை இறுக்கியபடி.

கம்பியைக் கொடுத்தார். "உன்னுது."

அதற்குப் பிறகு எட்டாம் நாள் எந்தக் கிழமையில் விழுந்தாலும் அவர் வந்தார். ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை. தோளின் முனகல் அடங்கியது. எழுபத்திரண்டரை ஒரு நாள் போனது, கனவில் கதவு திறக்கிற மாதிரி, ஓசையே இல்லாமல். சண்முகம் அண்ணன் தானும் எட்டு நாள் வாரத்துக்கு மாறலாமா என்று கேட்டார். "நீங்க கருவாடு விக்கிறீங்க, உங்களுக்கு ஏழே அதிகம்" என்றார் சார். அவர் ஜோக் அடித்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. எண்ணிப் பார்த்தேன். அதுவும் ஓர் எட்டாம் நாளாகவே விழுந்தது. வானமே கட்டம் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

அந்த வானம்தான் பிறகு கொட்டியது. ஆறு ஏறியது. தேர்வு நடக்கவிருந்த மண்டபத்தில் வெள்ளத்தில் வீடு போனவர்களைத் தங்கவைத்தார்கள். தேர்வை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். நியாயம்தான், அந்த மண்டபத்துக்குப் பாய்களும் பால்மாவும் கொண்டுபோனவர்களில் கோமதியும் ஒருத்தி. மற்ற போட்டியாளர்களுக்கெல்லாம் கூடுதலாக ஒரு வாரம் கிடைத்தது. ஞாயிறு போனால் ஞாயிறு வரும். கோமதிக்கு அடுத்த ஞாயிறு எட்டாம் நாள் இல்லை. ஏழாம் நாள். காலை ஏழு மணிக்கு இரவு ஷிப்ட் முடித்து, பத்து மணிக்கு மேடை.

அவள் விரல் விட்டு எண்ணி, மறுபடியும் எண்ணி, கையை மடியில் வைத்துக்கொண்டாள். "அக்கா, பழைய திங்கட்கிழமையே திரும்பி வந்துருச்சு."

"கடைசி நைட்டுக்கு மட்டும் லீவு போடு. ஒரே ஒரு ராத்திரி. அன்னிக்கு நீ வீட்ல தூங்கிட்டா, ஞாயிறு உனக்கு எட்டாம் நாள் மாதிரி ஆயிடும்."

"வெள்ளத்துல பாதிப் பேர் வரல. லீவே கிடையாதுன்னுட்டாங்க. பதிலுக்கு ஆள் குடுத்தா மட்டும்தான்."

எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் உண்டு. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாதது. ஹரி ராயாவுக்கு, நோன்புப் பெருநாளன்று, மலாய்த் தோழியின் ஷிப்டை நாம் பார்ப்போம். தீபாவளிக்கு நம்முடையதை அவள் பார்ப்பாள். யாரும் கேட்க வேண்டியதில்லை, யாரும் மறப்பதுமில்லை. கோமதிக்கு ரொஹானா. ஒவ்வொரு ராயாவுக்கும் கோமதி நின்றிருக்கிறாள். அந்த வருடம் தீபாவளி அவளுடைய ஓய்வு நாளிலேயே விழுந்துவிட்டதால் ரொஹானாவின் முறை வரவில்லை.

"அது தீபாவளிக்கு உள்ளதுக்கா," என்றாள் கோமதி. "சாமி நாளுக்கு வச்ச வழக்கம். இதுக்குப் போய் எப்படிக் கேக்கறது? நெஞ்சுல கம்பி தூக்கணும், என் நைட்டப் பாருன்னா?"

நான் வற்புறுத்தவில்லை. அது அவளுடைய கணக்கு, என்னுடையது இல்லை. இரண்டு நாள் சும்மா இருந்தாள். மூன்றாம் நாள் கேன்டீனில் நாசி லெமாக் பிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். ரொஹானா கையிலிருந்த நெத்திலியைக் கீழே வைத்துவிட்டு, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டாளாம். பிறகு கோமதியின் மேற்கையை அழுத்திப் பார்த்துவிட்டு, "போ. ஜெயிச்சா சட்டைய எனக்குத்தான் முதல்ல காட்டணும்" என்றாளாம் மலாயில்.

மண்டபத்தில் இன்னும் ஈர வாசனை இருந்தது. சுவரோரம் சுருட்டி அடுக்கிய பாய்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு. நடுவர் மூவர், மூன்று விளக்கு. இரண்டு வெள்ளையாவது விழ வேண்டும். கோமதிக்கு எதிரே பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஓர் ஆசிரியை. அழகான நுட்பம், தராசு மாதிரி கைகள். அவர் எழுபத்திரண்டரையில் முடித்தார். உடல் எடையிலும் அவர் கோமதியைவிடக் குறைவு; சமமானால் எடை குறைந்தவருக்கே வெற்றி, அதனால் சமன் செய்தால் போதாது. தாண்ட வேண்டும்.

முதல் வாய்ப்பு அறுபத்தைந்து. மூன்று வெள்ளை. இரண்டாவது எழுபது. கம்பி பறந்தது. நான் கை தட்டிவிட்டேன். இரண்டு சிவப்பு.

இடுப்பு பெஞ்சை விட்டு எழுந்துவிட்டதாம். பலம் இருந்தது, ஒழுங்கு இல்லை. கோமதி இறங்கி வந்தாள், முகம் வெளுத்து. மூன்றாவது வாய்ப்புக்கு எடையை எழுதிக் கொடுக்க ஒரு நிமிடம்தான். சார் கையில் சீட்டும் பென்சிலும். அவர் அவசரப்படவில்லை.

"இடுப்பு ஏன் எழுந்துச்சு?"

"பயம் சார். பாதியில பலம் போயிடும்னு... முன்னெல்லாம் போயிடுமே, அந்த மாதிரி. போறதுக்கு முன்னாடி தள்ளிடலாம்னு."

"நேத்து எப்ப படுத்த?"

"ஒன்பது மணிக்கு."

"எப்ப எழுந்த?"

"சின்னவன் எழுப்பினான், ஆறரைக்கு."

"அப்ப எங்க போகும்?" என்றார் சார். "தூங்கிட்டு வந்தவளோட பலம் எங்கயும் போகாது. அது உனக்கு முன்னாடி வந்து உக்காந்திருக்கு. என்ன எழுதட்டும்?"

அவள் மேடையைப் பார்த்தாள். "எழுபத்தஞ்சு."

அவர் எழுதினார். நான் வேறு பக்கம் பார்த்தேன். எழுபத்தைந்தை அவள் ஜிம்மில்கூடத் தொட்டதில்லை.

மேடையில் கம்பி எடுத்துக் கொடுப்பவர் போட்டி ஊழியர். "உன்னுது" என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. கோமதி படுத்தாள். பாதங்களை ஊன்றினாள், எடுத்து மறுபடி ஊன்றினாள். நெஞ்சு உயர்ந்தது. ஊழியர் கை எடுத்தார். கம்பி அவள் மேல் ஒரு கணம் நடுங்கி, பிறகு அடங்கியது. நடுவரின் முதல் கட்டளை. இறக்கினாள். மெதுவாக. ஒரு குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி. நெஞ்சில் வைத்தாள். அசையவில்லை. கம்பி அசையவில்லை, அவள் அசையவில்லை, மண்டபத்தில் எதுவுமே அசையவில்லை. இந்த நடுவர் அடுத்த கட்டளையை மறந்துவிட்டாரா? "பிரஸ்!"

தள்ளினாள். அரை வழியில் கம்பி நின்றது. நின்றேவிட்டது. ஊழியர்களின் கைகள் நெருங்கின. பழைய கோமதி அங்கேதான் இடுப்பைத் தூக்குவாள், தோளை உதறுவாள், கைவிடுவாள். அவள் எதையும் உதறவில்லை. அங்கேயே இருந்தாள். காத்திருந்த மாதிரி இருந்தது. பிறகு கம்பி ஒரு விரற்கடை ஏறியது. இன்னும் ஒன்று. வலது முழங்கை முதலில் நீண்டது, இடது அதைத் தேடிப் போய்ச் சேர்ந்தது.

வெள்ளை. சிவப்பு. மூன்றாவது விளக்கு எரிய ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெள்ளை.

ரவி அடித்த விசிலில் பக்கத்து வரிசைக் குழந்தை அழுதது. கோமதி எழுந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாருடையவோ என்பது போல.

மாலையில் பவர்லிஃப்டிங் சங்கத்துச் செயலாளர் அணிப் பட்டியலோடு வந்தார். எங்கள் ஜிம்முக்கும் வந்துபோகிறவர், நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். "கங்கிராட்ஸ் சிஸ்டர். கேம்ப் ஒவ்வொரு சனிக்கிழமை காலையும், ஷா ஆலம்ல. கண்டிப்பா வரணும். வராதவங்களுக்குப் பதிலா அடுத்த ஆள எடுத்துக்குவோம், ரூல்ஸ் அப்படி."

கோமதியின் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வரத் தொடங்கியதைப் பார்த்தேன். சரி என்று சொல்லத்தான் போகிறாள். தூங்காமல் வந்துவிடுவாள். எந்தச் சனிக்கிழமையும் தவறாமல், எந்த ஷிப்டிலிருந்தும் நேராக வந்து, தோள் கழன்று விழும் வரை வந்துகொண்டே இருப்பாள்.

"சரி..." என்று தொடங்கினாள்.

"சரி இல்ல," என்றார் சார்.

குரல் உயரவில்லை. ஆனால் செயலாளர் திரும்பினார்.

"இவ ஒவ்வொரு சனியும் வரமாட்டா. எட்டு நாளைக்கு ஒரு தடவ வருவா, முழுசா தூங்கிட்டு வருவா. அது திங்களா இருக்கலாம், புதனா இருக்கலாம். அன்னிக்கு நான் கூட்டிட்டு வரேன். தலைமாட்டுல நான் நிக்கறேன். உங்க கேம்ப்ல உள்ளத எல்லாம் இவ செஞ்சு காட்டுவா."

"சார், வாரத்துக்கு ஏழு நாள்னு உங்க போர்டுல நீங்கதானே..."

"சுவத்துலயும் எழுதலாம்," என்றார் சார். "பட்டியல்ல இவ பேர எழுதுங்க. முதல் நாள் எதுன்னு இவளையே கேளுங்க."

செயலாளர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார்.

"சொல்லுங்க சிஸ்டர். எந்த நாள்?"

கோமதி, பிடி வழுக்காமலிருக்கப் பூசிய வெள்ளைத் தூள் இன்னும் ஒட்டியிருந்த கையைத் தூக்கி, விரல் விட ஆரம்பித்தாள்.